பிராங்க், காமெடி வீடியோவை சென்னையில் தொழிலாகச் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவை எங்கே ஒளித்து வைப்பது என்பதில் தொடங்கி வருமான வரி வரை, பிராங்க் (தெரியாதவரை விளையாட்டாக ஏமாற்றி, அதை ஒளிந்திருந்து எடுக்கும் வீடியோ) டீம்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. "வைரல் ஆவது எப்படி?" என்ற கேள்வி மட்டும் இதில் கிடையாது. அதற்குப் பதில் விற்பவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

பிராங்க்கில் ஆரம்பித்தவர்களில் பலர் கடைசியில் ஸ்கெட்ச் காமெடிக்கு, அதாவது எழுதி நடிக்கும் குட்டி நாடகங்களுக்கு, போய்விடுகிறார்களே, ஏன்?

முகம் தெரிந்துவிடுவதுதான் முதல் காரணம். அமெரிக்காவில் ஆலன் ஃபண்ட் 1947இல் வானொலியில் ஒளித்து வைத்த மைக்கோடு ஆரம்பித்தார், அடுத்த ஆண்டே அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டு போனார், அதுதான் பிறகு 'கேண்டிட் கேமரா' ஆனது. சென்னைக்காரர்களில் ஒரு தலைமுறைக்கு இந்த வடிவம் பழகியது எஃப்எம்மில். பிக் எஃப்எம்மில் ஆர்.ஜே. பாலாஜி நடத்திய 'கிராஸ் டாக்' அதற்கு நல்ல உதாரணம். வானொலியில் முகம் இல்லாததால் இன்று ஒருவரை ஏமாற்றியவர் நாளையும் ஏமாற்றலாம். யூடியூப்பில் உங்கள் முகம்தான் சேனல். சேனல் வளர வளர, தெருவில் நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே "ப்ரோ, கேமரா எங்க?" என்று கேட்டுவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் பணம். பிராண்ட்காரர்களுக்கு ஸ்கெட்ச் பிடிக்கும், ஏனென்றால் ஸ்கிரிப்டை முன்கூட்டியே படித்துப் பார்க்கலாம். தெருவில் ஒரு அந்நியர் என்ன திட்டுவார் என்று எந்த ஏஜென்சியும் ஒப்புதல் கொடுக்க முடியாது. அதனால் முதல் நாளிலிருந்தே இரண்டையும் கலந்து போடுங்கள். மூன்று பிராங்க்குக்கு ஒரு ஸ்கெட்ச் என்று போனாலும் எழுதும் கை பழகும்.

நல்ல பிராங்க் ஐடியா என்றால் என்ன?

பல்பு வாங்குவது, அதாவது அசடு வழிவது, நீங்களாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் உங்களைவிட புத்திசாலியாகத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஒரு உதாரணம். பஸ் ஸ்டாப்பில் ஒருவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே சட்டைப்பை, பேன்ட் பாக்கெட் எல்லாம் தடவுகிறான். பக்கத்தில் நிற்கும் பெரியவரிடம் கேட்கிறான்: "சார், என் போனைப் பார்த்தீங்களா? இப்பதான் கையில இருந்துச்சு."

பெரியவர் அவன் காதைப் பார்க்கிறார். முகத்தைப் பார்க்கிறார். "தம்பி, காதுல என்ன?"

"இது ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டிருக்கேன் சார். அவன்தான் சொல்றான், போனைத் தேடுடான்னு."

அடுத்த படி: போனில் "மச்சான், சார்கிட்டயும் இல்லையாம்டா" என்கிறான். அதற்கடுத்து: "சார், நான் சொன்னா நம்ப மாட்டேங்குறான், நீங்களே சொல்லுங்க" என்று போனைப் பெரியவர் கையிலேயே கொடுத்துவிட்டு, குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடுகிறான். பெரியவர் கையில் போன். அந்த இரண்டு விநாடி அவர் முகம்தான் வீடியோ.

இது ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். பார்ப்பவருக்குப் பத்து விநாடிக்குள் விஷயம் புரிந்துவிடுகிறது. பெரியவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, எந்த நேரத்திலும் பஸ் ஏறிப் போய்விடலாம். சிரிப்பு முழுக்க இவன் அசட்டுத்தனத்தின் மேல். இப்போது அதே பஸ் ஸ்டாப், அதே போன், வசனத்தை மட்டும் மாற்றுங்கள்: "சார், என் போன் உங்க பையில இருக்கு, திறங்க." நல்ல மனிதர் ஒருவர் நாலு பேர் முன்னால் திருடன் ஆகிவிட்டார். கை நீளும், கூட்டம் கூடும், போலீஸ் ரோந்து வண்டி வரும். முதல் வீடியோவில் ரிவீல், அதாவது இது பிராங்க் என்று உடைத்துச் சொல்வது, முடிந்ததும் பெரியவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். இரண்டாவதில் புகார் எழுதிக் கொடுப்பார்.

படிகளை எழுதி வைக்க வேண்டுமா, அங்கேயே பார்த்துக்கொள்ளலாமா?

எழுதுங்கள். ஒரு பிராங்க்குக்கு மூன்று படி, ஒரு வெளியேறும் வழி. முதல் படி நம்பும்படி இருக்க வேண்டும், இரண்டாவது கொஞ்சம் உறுத்த வேண்டும், மூன்றாவது அபத்தம். புதியவர்கள் செய்யும் தவறு, முதல் வரியிலேயே அபத்தத்துக்குப் போவது. எதிரில் இருப்பவர் "ஏதோ பைத்தியம்" என்று நகர்ந்துவிடுவார், ஃபுட்டேஜ் மொத்தமும் முதுகாகத்தான் இருக்கும். ஒருவரிடம் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ரியாக்‌ஷன் வருவதாக இருந்தால் அதற்குள் வந்திருக்கும்.

ஒரு எட்டு நிமிட வீடியோவுக்குப் பதினைந்து, இருபது பேரிடமாவது முயல வேண்டியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் நிற்க மாட்டார்கள், சிலர் சம்மதம் தர மாட்டார்கள், சிலருடைய ஆடியோ வீணாகும். தேறுவது நாலைந்து.

டீமில் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்?

நான்கு. நடிப்பவர் ஒருவர், கேமரா இருவர், நான்காவது ஆள் காவல். இந்த நான்காவது ஆளைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள். அவர் வேலை கேமராவைப் பார்ப்பதல்ல. எதிரில் இருப்பவரின் கையையும் மூச்சையும் பார்ப்பது. முஷ்டி மடங்கினாலோ, கண் கலங்கினாலோ, வயதானவர் நெஞ்சைப் பிடித்தாலோ, உடனே உள்ளே நுழைந்து "அண்ணே, இது வீடியோ" என்று சொல்லி நிறுத்த வேண்டும். நடிப்பவர் அந்த நேரத்தில் 'கன்டென்ட்' போதையில் இருப்பார், அவருக்குத் தெரியாது. நிறுத்துவதற்கு ஒரு சங்கேத வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள். அது கேட்டால் விவாதம் கூடாது.

பெண்களிடமும் எடுப்பதாக இருந்தால் டீமில் ஒரு பெண் இருக்க வேண்டும், ரிவீல் சொல்ல அவர்தான் முதலில் போக வேண்டும்.

எந்த கேமரா வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்க வேண்டாம். வடபழனி, சாலிகிராமம் பக்கம் நாள் வாடகைக்கு கேமராவும் லென்ஸும் கிடைக்கும். ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். எடுக்கும்போதே லென்ஸ் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று கடைக்காரர் முன்னாலேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது தகராறு வராது.

முக்கிய கேமரா பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். 70-200 அல்லது 55-250 மிமீ ஜூம் லென்ஸ் போதும். காரின் பின்சீட் நல்ல இடம். கண்ணாடிக்கு கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனை வேண்டாம், டிராஃபிக் போலீஸ் அதற்குத் தனியாகப் பிடிப்பார்கள். கேமராமேன் கறுப்பு டி-சர்ட் போட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாலே வெளியிலிருந்து தெரியாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் காட்டிக்கொடுப்பது.

இரண்டாவது கேமரா ஒரு போன், கட்டைப் பையில் ஓட்டை போட்டு. இங்கே ஒரு சிக்கல் வரும். ஆட்டோ ஃபோகஸ் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஆள் மங்கலாகிவிடும். எடுக்கும் முன்பே ஆள் நிற்கப்போகும் தூரத்தில் ஃபோகஸைப் பூட்டுங்கள். போன் ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். நல்ல ரியாக்‌ஷன் நடுவில் அம்மா போன் செய்தால் ரெக்கார்டிங் நின்றுபோகலாம்.

விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனில் வழக்கமாக இருக்கும் 30 ஃப்ரேமில் 1/60 வைத்து எடுத்தால் டீக்கடை டியூப்லைட்டும் கடை எல்இடியும் பட்டை பட்டையாக ஓடும், எடிட்டில் எடுப்பது கஷ்டம்.

மதியம் 12லிருந்து 3 வரை நீள லென்ஸ் வேண்டாம். தார் ரோட்டுக் கானல் படத்தை நெளிய வைக்கும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து லென்ஸை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தவறு வெயிலில் இருக்கிறது.

மெமரி கார்டு கணக்கு: விநாடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 45 ஜிபி. 1080பி, 50 மெகாபிட் என்றால் அதில் பாதி. முதல் ஆறு மாதத்துக்கு 1080பி தாராளம்.

படம் நன்றாக வருகிறது, ஆடியோதான் சொதப்புகிறது. என்ன செய்வது?

பிராங்க் வீடியோ தோற்பது பெரும்பாலும் இங்கேதான். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். கேட்காத வசனத்துக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வயர்லெஸ் காலர் மைக்குகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. ஊர் வைஃபையும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். தி.நகர் மாதிரி நெரிசலில் பெட்டி மேல் 200 மீட்டர் என்று போட்டிருந்தாலும் முப்பது மீட்டரிலேயே சத்தம் விட்டு விட்டு வரும். மனித உடம்பும் இந்த அலையைத் தடுக்கும். டிரான்ஸ்மிட்டரை (மைக்கோடு வரும், ஒலியை அனுப்பும் சின்னப் பெட்டி) முதுகுப் பக்கம் செருகிவிட்டு, கேமரா முன்பக்கம் இருந்தால் சிக்னல் வராது. கேமரா இருக்கும் பக்கமே டிரான்ஸ்மிட்டரும் இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரிலேயே பதிவாகும் வசதி உள்ள மைக்காகப் பார்த்து வாங்குங்கள், அதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். சிக்னல் போனாலும் உள்ளே பதிவு இருக்கும். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல், எடிட்டில் படத்தோடு ஒலியைப் பொருத்த.

மைக் இரண்டாவது பட்டன் உயரத்தில், சட்டைக்குள்ளே. மெடிக்கலில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் மைக்கையும், ஒயரில் ஒரு சின்ன வளையத்தையும் ஒட்டுங்கள். வளையம் இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவும் 'கரக்' என்று கேட்கும். சென்னை வியர்வையில் டேப் ஒரு மணி நேரத்தில் கழன்றுவிடும், இடைவேளையில் மாற்றுங்கள். புது காட்டன் சட்டை மொடமொடவென்று உரசும், நாலு முறை துவைத்த சட்டை நல்லது.

ஏமாறப்போகிறவரிடம் மைக் இல்லை. அவர் குரலுக்கு இரண்டு வழி. நடிப்பவர் ஒரு கை தூரத்துக்குள் நிற்பது ஒன்று. கூடுதலாக ஒரு டிரான்ஸ்மிட்டரை ஃபைலிலோ பேப்பர் கட்டிலோ வைத்து, அதை அவர் பக்கம் நீட்டியபடியே பேசுவது இன்னொன்று. லெவல் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், ஆட்கள் கத்தும்போது உடையாமல் இருக்க இடம் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அடாப்டர், ஒயர் வாங்கும்போது இரண்டு கோடு பின்னா, மூன்று கோடு பின்னா என்று பாருங்கள். போனுக்கு மூன்று கறுப்புக் கோடு, கேமராவுக்கு இரண்டு. மாறினால் மைக் வேலை செய்யாது, போனோ தன் மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கும்.

சென்னையில் எங்கே எடுப்பது வசதி?

டீக்கடை. கடைக்காரரிடம் முன்பே சொல்லி, அன்றைய வியாபார நஷ்டத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டால் அது உங்கள் செட். ஆட்களும் தானாகவே வந்து ஐந்து நிமிடம் நிற்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டும் அப்படித்தான், அண்ணன்களிடம் சவாரி நேரத்துக்குக் காசு பேசிக்கொள்ளுங்கள்.

பாண்டி பஜாரில் 2019இல் திறந்த அகல நடைபாதையில் பெஞ்சுகள் இருப்பதால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து எடுக்கத் தூரமும் கிடைக்கும். ரங்கநாதன் தெரு வேண்டவே வேண்டாம். ஒருவர் நின்றால் பின்னால் ஐம்பது பேர் முட்டுவார்கள். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் காலை நேரம்தான் ஆடியோவுக்கு நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் சட்டைக்குள் இருக்கும் மைக் படபடக்கும். மயிர்க் கவர் போட்டால் நிற்கும், ஆனால் சட்டைக்குள் எலி இருப்பது போலத் தெரியும்.

மால், ஹாஸ்பிடல், காலேஜ், அபார்ட்மென்ட் எல்லாம் தனியார் இடம், எழுத்தில் அனுமதி வேண்டும். ரயில் நிலையம், ரயில், மெட்ரோ இவற்றில் அனுமதியில்லாமல் எடுக்கவே கூடாது, ரயிலில் தொல்லை கொடுப்பதற்கு ரயில்வே சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. கோயில் பக்கம் போகாதீர்கள்.

போலீஸ் வந்து நிறுத்தினால்?

முதலில் ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். "பப்ளிக் பிளேஸ்தானே சார்" என்று ஆரம்பிக்காதீர்கள். டிரைபாட் வைத்துவிட்டாலே அது 'ஷூட்டிங்' என்றுதான் பார்க்கப்படும். முந்தின நாளே அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில், என்ன எடுக்கிறோம், எத்தனை பேர், எத்தனை மணி வரை என்று ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி பூங்கா, கடற்கரை என்றால் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். கடிதம் இருந்தும் போகச் சொன்னால் போய்விடுங்கள். இன்னொரு நாள் வராமல் போகாது.

எதையெல்லாம் தொடவே கூடாது?

பட்டியல் நீளம், முக்கியமானவை மட்டும்.

போலீஸ், இன்ஸ்பெக்டர், டிக்கெட் பரிசோதகர் வேஷம். அரசு ஊழியராக நடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 204ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை. சினிமா கம்பெனியில் காக்கிச் சட்டை வாடகைக்குக் கிடைப்பதால் இது விளையாட்டாகத் தோன்றும்.

அதே சட்டத்தில் வழிமறிப்பது 126ஆம் பிரிவு, மிரட்டுவது 351, பெண்ணின் கண்ணியத்தைச் சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்துவது 79. இதோடு தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் சேரும். 2021 ஜனவரியில் எலியட்ஸ் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டு வீடியோ போட்ட ஒரு யூடியூப் சேனலைச் சேர்ந்த மூன்று பேர் கைதானது நினைவிருக்கலாம். 'பப்ளிக் ஒப்பீனியன்' என்று பெயர் வைத்ததால் அது தப்பவில்லை.

பேய் வேஷம், கடத்தல், துப்பாக்கி, கேட்பாரற்ற பை. பெங்களூரில் 2019 நவம்பரில் இரவில் பேய் வேஷம் போட்டு வழிப்போக்கர்களைப் பயமுறுத்திய ஏழு இளைஞர்களைப் போலீஸ் பிடித்தது. 2017இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், தடிப் புத்தகம் தோட்டாவைத் தடுக்கும் என்று நம்பி நெஞ்சில் பிடித்துக்கொண்ட ஒரு யூடியூபர் செத்தே போனார். யூடியூப் 2019இல் விதியை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: உயிருக்கு ஆபத்து என்று ஏமாறுபவர் நம்பும்படியான பிராங்க், குழந்தைகளுக்குக் கடும் மன வேதனை தரும் பிராங்க் இரண்டுக்கும் இடமில்லை.

சாதி, உடல் ஊனம், திருநங்கை வேஷம். மாற்றுத்திறனாளிகளைப் பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை போகும். சட்டத்தை விடுங்கள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் டிக்டாக் வழக்கில் இடைக்கால உத்தரவு போட்டபோது பிராங்க் நிகழ்ச்சிகளையும் தொட்டது. மூன்றாம் மனிதர் ஒருவரைக் கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்பது அதன் கருத்து. புகார் என்று ஒன்று வந்துவிட்டால் நீங்கள் நிற்கப்போவது இந்தப் பார்வைக்கு முன்னால்தான்.

ரிவீல் எப்படிச் செய்வது? வாயால் சொன்ன சம்மதம் போதுமா?

நடிப்பவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, கைகள் தெரியும்படி வைத்து, "அங்கிள், இது வீடியோ, கேமரா அதோ" என்று காட்ட வேண்டும். தோளில் கை போடுவது, கட்டிப்பிடிப்பது இப்போது வேண்டாம். கோபம் இறங்க அரை நிமிடமாவது ஆகும். அந்த அரை நிமிடத்தில் "சூப்பரா பண்ணீங்க!" என்று குதித்தால் கோபம் இரட்டிப்பாகும். தண்ணீர் பாட்டில் நீட்டுங்கள், எடுத்ததைப் போட்டுக் காட்டுங்கள். தன் முகத்தைத் தானே பார்த்ததும் பெரும்பாலானவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் படிவம். தமிழில், ஒரே பக்கம்: பெயர், தேதி, இடம், வீடியோவின் தன்மை, எந்தெந்தத் தளங்களில் போடுவோம், இதிலிருந்து வருமானம் வரும் என்ற தகவல், முகம் மறைக்க வேண்டுமா என்ற கேள்வி, உங்கள் தொடர்பு எண். வருமானம் பற்றிய வரியை விடாதீர்கள், பிற்பாடு சண்டை வருவது அதில்தான். கையெழுத்தோடு கேமராவிலும் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து. யூனிஃபார்மில் இருக்கும் பிள்ளைகளை எடுக்கவே வேண்டாம். "வேணாம்பா" என்றால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துக் காட்டுங்கள். முகத்தை மறைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள், ஆனால் குரலையும் வண்டி நம்பரையும் வைத்தே தெருக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆள் வைத்து எடுத்துவிட்டு பிராங்க் என்று போட்டால் தப்பா?

நிறைய பேர் போடுகிறார்கள். கமெண்டில் "ஸ்கிரிப்டட்" என்று முதல் ஆள் எழுதியதும் மற்ற வீடியோக்களின் மேலும் சந்தேகம் விழும். ஆள் வைத்து எடுத்தால் 'சித்தரிக்கப்பட்டது' என்று தொடக்கத்திலேயே போடுங்கள், வியூஸ் ஒன்றும் ஓடிப்போகாது. பொய்யைக் காட்டிக்கொடுப்பது மைக்தான்: தெருவில் போகிறவர் குரல் மட்டும் ஸ்டுடியோ மாதிரி தெளிவாகக் கேட்டால் ஆள் செட்டப் என்று அர்த்தம்.

எடிட்டிங்கில் எதைக் கவனிப்பது?

முதல் பத்து விநாடியில் பார்ப்பவருக்கு ரகசியம் தெரிய வேண்டும். பிராங்க்கில் பார்ப்பவர் கூட்டாளி, அவரையும் ஏமாற்றக் கூடாது. நல்ல ரியாக்‌ஷனை முதலிலும் கடைசியிலும் வைத்து, நடுவில் சுமாரானதை நுழையுங்கள். ரியாக்‌ஷனுக்கு முன்னால் வரும் மௌனத்தை வெட்டாதீர்கள். பெரியவர் போனைக் கையில் வைத்து முழிக்கும் அந்த இரண்டு விநாடியை ஜம்ப் கட் செய்தால் பிறகு என்ன மிச்சம்? கெட்ட வார்த்தைக்கு பீப் போடும்போது வார்த்தை முழுவதையும் மூடுங்கள், சப்டைட்டிலிலும் நட்சத்திரம். தம்ப்நெயிலில் அழும் முகம் வைத்துவிட்டு உள்ளே சிரிக்கிறவர்களைக் காட்டினால் ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள்.

வடிவேலு கிளிப், சினிமா பிஜிஎம் போடலாமா?

போட்டால் கன்டென்ட் ஐடி, அதாவது யூடியூப்பின் தானியங்கி காப்புரிமைச் சோதனை, பிடிக்கும். பெரும்பாலும் அது 'கிளெய்ம்': வீடியோ இருக்கும், வருமானம் உரிமையாளருக்குப் போகும். ஐந்து விநாடி என்றால் தப்பு இல்லை என்பது கட்டுக்கதை. 'ஸ்டிரைக்' வேறு, அது காப்புரிமை மீறலுக்குச் சேனல் மேல் விழும் தண்டனை. 90 நாளில் மூன்று வந்தால் சேனலே போய்விடும். யூடியூப்பின் ஆடியோ லைப்ரரி இலவசம். அதைவிட நல்லது, தெரிந்த கீபோர்டு கலைஞர் ஒருவரிடம் பத்து சின்ன ஒலித்துண்டுகளை எழுத்துப்பூர்வ உரிமையோடு வாங்கிக்கொள்வது. அசட்டுத்தனத்துக்கு ஒன்று, முழிப்பதற்கு ஒன்று, ஓடுவதற்கு ஒன்று.

எப்போது காசு வரும்? எவ்வளவு?

விளம்பர வருமானத்துக்கு 1,000 சப்ஸ்கிரைபர், அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ். நீள வீடியோ விளம்பரத்தில் 55 சதவீதம் உங்களுக்கு, ஷார்ட்ஸில் 45. எட்டு நிமிடம் தாண்டினால்தான் நடுவில் விளம்பரம் வைக்க முடியும். அதனால்தான் எல்லா பிராங்க் வீடியோவும் எட்டு நிமிடம் சொச்சத்தில் முடிகிறது.

சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் ஆர்பிஎம் என்று ஒரு எண் காட்டும், ஆயிரம் வியூஸுக்கு உங்கள் கைக்கு வருவது. அது 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் வியூஸுக்கு 4,000 ரூபாய். நாலு பேர் சாப்பாடு, பெட்ரோல், லென்ஸ் வாடகை, டீக்கடைக்குக் கொடுத்தது எல்லாம் கழித்துப் பாருங்கள்.

ஆட்சென்ஸில் (விளம்பரப் பணம் வந்து சேரும் கூகுள் கணக்கு) 10 டாலர் சேர்ந்ததும் முகவரி சரிபார்க்கும் பின் எண் தபாலில் வரும். கதவு எண் பழையது, புதியது இரண்டையும் போடுங்கள், போஸ்ட்மேனிடமும் சொல்லி வையுங்கள். சென்னையில் அந்தக் கவர் பக்கத்துத் தெருவுக்குப் போவது சகஜம். பணம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வரும். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுக்க வந்த வருமானத்திலிருந்து 24 சதவீதம் வரை பிடிக்கலாம். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வந்த பங்குக்கு மட்டும்.

ஸ்பான்சர் வந்தால் என்ன பேச வேண்டும்?

பாதிப் பணம் முன்னால். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. உங்கள் வீடியோவை அவர்கள் தங்கள் விளம்பரத்தில் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்குத் தனித் தொகை. இந்த மூன்றும் மெயிலில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் இல்லை.

காசோ பொருளோ வாங்கியிருந்தால் 'விளம்பரம்' என்று தெரியும்படி போட வேண்டும். மறைத்தால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போடலாம். பணம் கட்டி ஆடும் ரம்மி, பந்தய ஆப் எதுவும் வேண்டாம். 2025ஆம் ஆண்டு மத்திய சட்டத்தில் அதை விளம்பரப்படுத்துவதே குற்றம், இரண்டு வருடம் வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதிகப் பணம் தருகிறேன் என்று முதலில் வருபவர்கள் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

வரி?

தனி வங்கிக் கணக்கு வையுங்கள், எல்லா பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். டீக்கடைக்குக் கொடுத்த 500க்குக்கூட ஒரு வவுச்சரில் கையெழுத்து. பிராண்ட் கொடுத்த போனும் வருமானம்தான். அப்படி வரும் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு. மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. ஆட்சென்ஸ் பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் ஏற்றுமதிக் கணக்கில் சேரும். அதற்கான உறுதிக் கடிதத்தை ஆண்டுதோறும் போட வேண்டும், ஆடிட்டருக்குத் தெரியும்.

என் மகன் ஐடி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கப் போகிறேன் என்கிறான். விடலாமா?

மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வருடமாக வாரம் ஒரு வீடியோ தவறாமல் போட்டிருக்கிறானா? கடந்த ஆறு மாதத்தில் வந்த பணம், செலவு போக, அவன் வீட்டுக்குக் கொடுக்கும் தொகையைத் தொட்டிருக்கிறதா? தானே எழுதுகிறானா, தானே எடிட் செய்கிறானா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தடுக்காதீர்கள். மூன்றாவதற்கு மட்டும் ஆமாம் என்றால்கூடப் பயமில்லை. சேனல் படுத்தாலும் எழுதவும் வெட்டவும் தெரிந்தவருக்கு விளம்பர ஏஜென்சியிலும் டிவியிலும் வேலை இருக்கிறது. முகம் காட்டுவது மட்டும்தான் தெரியும் என்றால், சனி ஞாயிறில் செய்துகொண்டு வேலையில் இருக்கட்டும்.

இரண்டு வருடம் முன்பு சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டவர், இப்போது கல்யாணம் பேசுகிறார்கள், வீடியோவை எடுங்கள் என்கிறார். எடுக்க வேண்டுமா?

படிவம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் எடுங்கள். முழு வீடியோவையும் இழக்க வேண்டியதில்லை. யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அவர் வரும் பகுதியை வெட்டலாம் அல்லது முகத்தை மங்கலாக்கலாம், வியூஸும் கமெண்டும் அப்படியே இருக்கும். லட்சம் வியூஸைத் தாண்டிய வீடியோவில் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு வரலாம், முகம் மங்கலாக்குவதற்கு வராது. தம்ப்நெயிலிலும் அவர் முகம் இருந்தால் மாற்றுங்கள், இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். இன்ஸ்டாவிலும் ஃபேஸ்புக்கிலும் போட்ட துண்டுகளைத் தேடி எடுங்கள். அவரே யூடியூப்பிடம் அந்தரங்கப் புகார் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது 48 மணி நேரம். எடுத்து முடித்ததும் அவருக்கு லிங்க் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கல் பட்டை சில இடங்களில் நழுவி முகம் தெரியும், நீங்கள் கவனிக்காததை அவர் கவனிப்பார்.